பெயரா, வரிசையா? பாராமீட்டர் விதியும் அதன் டெஸ்ட்டும்

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், ஜூன் 7, மாலை 4.10

அண்ணே, சனிக்கிழமை வகுப்புல நாம சேர்ந்து கட்டுற சின்ன நிரல் மொழிக்கு ஃபங்ஷன் பாராமீட்டர் விதிய, அதாவது ஃபங்ஷனக் கூப்பிடும்போது மதிப்ப எப்படி குடுக்கணும்ங்கற விதிய மட்டும் பக்கம் பக்கமா எழுதிக்கிட்டே போறீங்க. ஒவ்வொரு வரிக்குக் கீழயும் டெஸ்ட் வேற. சி மொழியில பெயர் சொல்லிக் கூப்பிடறதே கிடையாது. மதிப்ப வரிசையா குடுத்தா வேலை முடிஞ்சுது, உலகமே அதுல ஓடுது. வரிசை மட்டும் போதும்னு வச்சா, நிரலப் படிச்சுப் பிரிக்கிற பார்சர் வேலையும் குறையும். டெஸ்ட்ட, நிரல ஓட்டுற இன்டர்பிரெட்டர் வேலை செய்ய ஆரம்பிச்சப்புறம் எழுதிக்கலாம். என்ன ஓடுதோ அதுதானே விதி?

ஜூன் 7, இரவு 9.40

கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் வரிசை.

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலையில் இருந்தேன். பெயர் வேண்டாம். பெட்டியை இடம் மாற்றச் சொல்லும் ஃபங்ஷன் ஒன்று. முதலில் பெட்டி எண், அடுத்து இப்போது இருக்கும் இடம், அடுத்து போக வேண்டிய இடம். அதே புரோகிராமில் வேறொருவர் எழுதிய இன்னொரு ஃபங்ஷனில் போக வேண்டிய இடம் முன்னால், இருக்கும் இடம் பின்னால். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குற்றமில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒன்றைப் பார்த்துப் பழகி மற்றதைக் கூப்பிட்டான். ராத்திரி ஷிப்டில் ரீச் ஸ்டேக்கர் ஓட்டுகிறவர் காலி இடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு வாக்கி டாக்கியில் கேட்டார்: "இங்க பெட்டியே இல்லியேப்பா, எதத் தூக்கறது?" காலியாக இருந்ததால் கேட்டார். அங்கே வேறு பெட்டி நின்றிருந்தால்?

இரண்டு இடமும் ஒரே வகை மதிப்பு. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலருக்கு 'ஏ-12-3' எது, 'சி-04-1' எது என்று தெரியாது. இடத்துக்கென்று தனி டைப் வைத்தாலும் பயனில்லை, இரண்டுமே இடம்தான். இங்கே காப்பாற்றக்கூடியது பெயர் ஒன்றுதான்.

சி மொழியையே எடுத்துக்கொள். மெம்காப்பி போய்ச்சேரும் இடத்தை முதலில் கேட்கும். யூனிக்ஸ் பக்கத்திலிருந்து வந்த பிகாப்பி கிளம்பும் இடத்தை முதலில் கேட்கும். இரண்டும் பைட்டுகளை நகலெடுக்கும் ஃபங்ஷன்கள், வரிசை தலைகீழ். மெம்செட் இன்னும் மோசம். இரண்டாவது நிரப்ப வேண்டிய மதிப்பு, மூன்றாவது எத்தனை பைட். பூஜ்யத்தால் நிரப்ப நினைத்து இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு பைட்டைக்கூட நிரப்பாமல் சத்தமில்லாமல் திரும்பி வரும். உலகம் வரிசையில் ஓடுகிறது என்கிறாய், சரி. ஓடும்போது எத்தனை பேர் உதவிக் குறிப்பான மேன்பேஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்.

ஜூன் 8, காலை 6.50

விட்டுப்போனது. உண்மை, பொய் வாங்கும் பாராமீட்டர்.

அச்சிடு(ரசீது, உண்மை, பொய், உண்மை)

இதைப் படித்து அர்த்தம் சொல்ல முடிந்தவர் அந்த ஃபங்ஷனை எழுதியவர் மட்டும்தான், அவருக்கும் அடுத்த மாதம் முடியாது. பைத்தானில் பெயர் சொன்னால்தான் ஏற்கும் பாராமீட்டர் பெப் 3102 என்ற மொழி மாற்ற முன்மொழிவு வழியாக வந்தது. அது எழுதப்பட்டது 2006-இல், பைத்தான் 3.0-இல் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவர்களுடைய, அடுக்கித் தரும் சார்ட்டட் ஃபங்ஷனில் தலைகீழாக அடுக்கு என்பதைப் பெயர் சொல்லாமல் கேட்கவே முடியாது. நம் மொழியில் உண்மை/பொய் வகைக்குப் பெயர் கட்டாயம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

ஜூன் 9, இரவு 10.15

பெரம்பூர் நண்பர் போனில் நியாயமான எதிர்வாதம் ஒன்று வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்ற உடனே பாராமீட்டரின் பெயர் ஃபங்ஷனுக்கு உள்ளே இருக்கும் சொந்த விஷயமாக இருப்பது நின்றுபோகிறது. வெளியே இருக்கிறவர்களுக்குக் கொடுத்த வாக்காகிவிடுகிறது. நாளைக்கு 'எண்' என்பதை 'பெட்டி_எண்' என்று மாற்றினால் கூப்பிட்ட எல்லாருடைய கோடும் உடையும்.

உண்மை. சி ஷார்ப் 4.0 2010-இல் பெயரிட்ட ஆர்க்யுமென்ட்டை (கூப்பிடும்போது கொடுக்கும் மதிப்பை)க் கொண்டுவந்தபோது லைப்ரரி எழுதுகிறவர்களுக்கு இதே தலைவலி வந்தது. அதுவரை யாரும் கவனிக்காத பாராமீட்டர் பெயர்களெல்லாம் ஒரே நாளில் பொதுச்சொத்து. அங்கே டீஃபால்ட் மதிப்பிலும் (கூப்பிடுகிறவர் தராவிட்டால் எடுத்துக்கொள்வது) ஒரு சிக்கல் உண்டு: அது கூப்பிடுகிறவரின் கோடிலேயே கம்பைல் நேரத்தில் பதிந்துவிடும். லைப்ரரியில் டீஃபால்ட்டை மாற்றினாலும், பழைய கோடை மறுபடி கம்பைல் செய்யும்வரை பழைய மதிப்பே போகும். பைத்தான்காரர்கள் எதிர்த்திசையிலும் ஒரு கதவு வைத்தார்கள். 2019-இல் வந்த 3.8-இல், சாய்கோட்டுக்கு (/) முன்னால் இருக்கும் பாராமீட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே முடியாது.

அதனால் இன்றைக்கு என் நினைப்பு: நம் மொழியிலும் மூன்று வகை வேண்டும். வரிசை மட்டும், பெயர் மட்டும், இரண்டும்.

ஜூன் 11, பிற்பகல்

மூன்று வகை வேண்டாம். ஒன்பதாம் தேதி எழுதியதை எடுத்துவிடுகிறேன்.

காரணம் வகுப்பில் வியாசர்பாடிப் பெண் கேட்ட கேள்வி. கால்பந்து ஆடுகிறவள். "தம்பிக்குப் பந்தைக் கொடு, பந்தைத் தம்பிக்குக் கொடு, ரெண்டும் ஒண்ணுதானே சார்? நம்ம பேச்சுல வரிசையே இல்லியே. அப்புறம் எதுக்கு வரிசை?" அன்று மாலை முழுக்க அதில் போனது. வேற்றுமை உருபுதான் லேபிள். 'கு' என்றால் போய்ச்சேரும் ஆள், 'ஐ' என்றால் செயலுக்கு உள்ளாகும் பொருள், 'ஆல்' என்றால் கருவி. உருபு கூடவே வருவதால் சொல் எங்கே நின்றாலும் பொருள் மாறாது.

அப்படியானால் மாறியின் பெயரிலேயே உருபைச் சேர்த்து எழுத விடலாமா என்று காசிமேட்டுப் பையன் உடனே பார்சரைத் திறந்தான். அங்கே நின்றுபோனோம். 'பெட்டி' என்பது 'பெட்டியை' ஆகும், நடுவில் ஒரு யகர உடம்படுமெய். 'மரம்' என்பது 'மரத்தை', மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிட்டது. 'வீடு' என்பது 'வீட்டை', டகரம் இரட்டிக்கிறது. 'ஆடு' 'ஆட்டை' ஆகும், ஆனால் 'தகடு' 'தகட்டை' என்பதைப் பார்த்து 'நடு' என்ற மாறிக்கும் அதையே செய்துவிடக் கூடாது. மாறியின் பெயரைத் திரும்பப் பிரித்தெடுக்க ஒரு முழு இலக்கண எந்திரம் வேண்டும், அப்போதும் 'மாட்டை' என்றால் மாறி 'மாடு'வா 'மாட்டு'வா என்று பயனரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். டெஸ்ட் எழுத உட்கார்ந்தபோதுதான் இது இத்தனை கிளையாக விரிந்தது. விதியாக எழுதியது ஒரே ஒரு வரி: 'மாறியின் பெயரோடு உருபு சேரலாம்.' அந்த வரிக்கு எத்தனை டெஸ்ட் எழுதினாலும் தீரவில்லை. அப்படியென்றால் அந்த வரி இன்னும் முடிவாகவில்லை என்று பொருள், அதனால் அடித்துவிட்டோம்.

ஆனால் அந்தப் பெண் சொன்னதில் இன்னொன்று ஒளிந்திருந்தது. "பந்து கொடு" என்றால் ஐ இல்லாமலே புரிகிறது. அஃறிணைப் பொருள் வினைக்குப் பக்கத்தில் வெறுமனே நிற்கலாம். "தம்பி கொடு" என்று சொன்னால் புரியாது, அங்கே உருபு வேண்டும். செயலுக்கு நேரே உள்ளாகும் ஒரே பொருள் லேபிள் இல்லாமல் நிற்கலாம், மற்றதெல்லாம் லேபிளோடு. இதுதான் இப்போது விதி:

செயல் நகர்த்து(~பெட்டி, எங்கிருந்து, எங்கே)

~ போட்ட முதல் பாராமீட்டர் பெயரில்லாமல் வரும். அந்தக் குறி முதல் இடத்தில் மட்டும் செல்லும். மீதி எல்லாவற்றுக்கும் பெயர் கட்டாயம், வரிசை எப்படியும் இருக்கலாம்.

நகர்த்து(பெ1, எங்கே: ஆ, எங்கிருந்து: அ)

ரீச் ஸ்டேக்கர் காலி இடத்தில் போய் நிற்காது.

ஜூன் 11, இரவு

'முதலாவதற்கு லேபிள் வேண்டாம், மற்றவற்றுக்கு வேண்டும்' என்பதைத்தானே ஸ்விஃப்ட் மொழி ஆரம்பத்தில் வைத்திருந்து பிறகு கைவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம். 2016-இல் ஸ்விஃப்ட் 3 முதல் பாராமீட்டருக்கும் மற்றவற்றைப் போலவே லேபிள் கட்டாயம் என்று ஒரே மாதிரி ஆக்கியது. ஆனால் அவர்கள் விட்டது தானாக நடக்கும் விலக்கை. எழுதுகிறவர் அடிக்கோடு போட்டு லேபிளை நீக்கிக்கொள்ள இன்றும் வழி உண்டு. நம் ~ அந்த வகை. குறி போடாவிட்டால் முதலாவதற்கும் பெயர் வேண்டும்.

எழில் மொழியிலிருந்து ஏன் விலகிப் போகிறோம் என்றும் கேட்டிருக்கிறார். விலகவில்லை. எழிலில் இருந்துதான் பின்கொடு, முடி என்ற கட்டளைச் சொற்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டோம். பள்ளிப் பிள்ளைகள் தமிழில் முதல் நிரல் எழுத அது திறந்த வழி பெரியது. நாம் செய்வது ஒரு மொழி எப்படி முடிவெடுக்கிறது என்று கற்றுக்கொள்வதற்காக.

ஜூன் 14, வகுப்பு முடிந்து

டீஃபால்ட் மதிப்பு. இன்று கையில் எடுத்தது இது மட்டும்தான், வெளியே வரும்போது எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

செயல் சேர்(~பெட்டி, பட்டியல் = [])
  பட்டியல்.இணை(பெட்டி)
  பின்கொடு பட்டியல்
முடி

எதிர்பார் சேர்("அ") == ["அ"]
எதிர்பார் சேர்("ஆ") == ["ஆ"]

இதையே பைத்தானில் எழுதினால் இரண்டாவது எதிர்பார்ப்பு தோற்கும். அங்கே டீஃபால்ட், ஃபங்ஷனை வரையறுக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை உருவாகிறது. இரண்டாம் அழைப்புக்கும் அதே பட்டியல்தான் வரும், உள்ளே முதல் பெட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் 2015 பதிப்பில் டீஃபால்ட் பாராமீட்டரைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கணக்கிடு என்று வைத்தார்கள். நாமும் அதையே எடுத்துக்கொண்டோம்.

விதியை முதலில் இப்படி எழுதியிருந்தோம்: 'ஆர்க்யுமென்ட் தராவிட்டால் டீஃபால்ட் மதிப்பு பயன்படும்.' படிக்க நன்றாக இருக்கிறது. பைத்தானும் இதற்குப் பொருந்தும், ஜாவாஸ்கிரிப்டும் பொருந்தும். இரண்டு நேரெதிர் நடத்தையையும் ஒரே வாக்கியம் அனுமதித்தால் அந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை. மேலே உள்ள இரண்டு எதிர்பார்ப்புகளை எழுதிய பிறகுதான் 'ஒவ்வொரு அழைப்பின்போதும், உடல் ஓடுவதற்கு முன்' என்ற சொற்கள் விதிக்குள் வந்தன. கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். டெஸ்ட்டைப் பிறகு எழுதலாம் என்றால் நீ அந்த முதல் வாக்கியத்தோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பாய்.

அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி. ஒரு டீஃபால்ட் இன்னொரு பாராமீட்டரைப் பார்க்கலாமா?

செயல் ஒதுக்கு(~வரிசை, நீளம், அகலம் = நீளம்)

இடப்பக்கம் உள்ளதைப் பார்க்கலாம், வலப்பக்கம் உள்ளதைப் பார்த்தால் பிழை. ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான். பிழை வர வேண்டும் என்பதற்கும் டெஸ்ட் வேண்டும். பிள்ளைகள் வெற்றி வருவதற்கு மட்டும் டெஸ்ட் எழுதுகிறார்கள், தோற்க வேண்டியது தோற்கிறதா என்று பார்க்க மறக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் நான் வகுப்பே எடுக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஜூன் 15, காலை

ஆர்க்யுமென்ட்டுகளை எந்த வரிசையில் கணக்கிடுவது?

சி மொழி அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறது. எந்த வரிசையிலும் கம்பைலர் செய்துகொள்ளலாம். ஜாவா இடமிருந்து வலம் என்று எழுத்தில் வைத்திருக்கிறது. நமக்கு இன்னொரு முடிச்சு உண்டு: பெயர் சொல்லி வரிசை மாற்றிக் கூப்பிட்டால், கூப்பிட்ட வரிசையா, வரையறுத்த வரிசையா? கோட்லின் மொழி கூப்பிட்ட வரிசையை எடுத்துக்கொள்கிறது. நானும் அதன் பக்கம். படிக்கிறவர் கண்ணில் படுவது அந்த வரிசைதான்.

சோதிக்க, தனக்கு வந்த மதிப்பைத் தடங்கள் என்ற பட்டியலில் எழுதிவிட்டு அதையே திருப்பும் தடம் என்ற சின்ன ஃபங்ஷன் போதும்:

நகர்த்து(தடம்("பெ"), எங்கே: தடம்("ஆ"), எங்கிருந்து: தடம்("அ"))
எதிர்பார் தடங்கள் == ["பெ", "ஆ", "அ"]

இதைத் தீர்மானிக்காமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். 2011-இல் சிஸ்மித் என்ற கருவியை எழுதியவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தானாக சி நிரல்களை உருவாக்கிப் பல கம்பைலர்களில் ஓட்டி, விடை வேறுபட்டால் யாரோ தவறு என்று பிடிக்கும் கருவி. 325-க்கும் மேற்பட்ட புதிய பிழைகளைக் கம்பைலர் எழுதுகிறவர்களுக்குத் தெரிவித்தார்கள். அந்த வேலையில் பெரிய பாடு, சி மொழி சொல்லாமல் விட்ட இடங்களைத் தொடாத நிரலாக உருவாக்குவது. தொட்டுவிட்டால் இரண்டு கம்பைலரும் இரண்டு விடை சொல்லும், இரண்டும் சரியாகவே இருக்கும், பிழையைப் பிடிக்கவே முடியாது. ஸ்பெக் (மொழியின் எழுதிவைத்த விதிகள்) மௌனமாக இருக்கும் இடத்தில் டெஸ்ட்டுக்கு வாயே கிடையாது.

ஜூன் 15, மதியம்

'எந்த வரிசையும் இருக்கலாம்' என்று ஸ்பெக் வேண்டுமென்றே சொல்லியிருந்தால் அது மௌனமில்லை. அதற்கும் டெஸ்ட் உண்டு: அனுமதித்த விடைகள் எல்லாவற்றையும் ஏற்று, மற்றதை மறுப்பது. காலையில் இதைச் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 18, இரவு 11

இப்போது 'என்ன ஓடுதோ அதுதானே விதி' என்பதற்கு வருகிறேன்.

ஒரே ஒரு இன்டர்பிரெட்டர் இருக்கும்வரை அப்படித்தான் தோன்றும். நம் வகுப்பிலேயே காசிமேட்டுப் பையன் ஒன்று எழுதுகிறான், வியாசர்பாடிப் பெண் வேறொன்று எழுதுகிறாள். இருவரின் விடையும் வேறுபட்டால் நான் யாரைப் பார்த்து 'நீதான் விதி' என்பேன்?

ராகு மொழி, அன்றைக்குப் பெர்ல் 6, இதில் எடுத்த நிலை எனக்குப் பிடிக்கும். 2015 கிறிஸ்துமஸ் அன்று வெளியிட்டபோது மொழி என்பது ரோஸ்ட் என்ற டெஸ்ட் தொகுப்பு என்று வைத்தார்கள். அதைத் தாண்டுகிற எதுவும் அந்த மொழியே. ராகுடோ என்பது ஒரு நடைமுறை மட்டும், மொழி அல்ல. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு புது வசதி கடைசிக் கட்டமான நான்காம் நிலைக்குப் போக டெஸ்ட்262 என்ற டெஸ்ட் தொகுப்பில் அதற்கான சோதனைகள் இருக்க வேண்டும். அடா மொழிக்கும் 1980-களிலேயே கம்பைலரைச் சரிபார்க்கும் அதிகாரப்பூர்வ டெஸ்ட் தொகுப்பு இருந்தது.

அப்படியானால் வாக்கியமே வேண்டாம், டெஸ்ட் மட்டும் போதுமா? இங்கேதான் நான் ராகுகாரர்களிடமிருந்து கொஞ்சம் விலகுகிறேன். 1964-இல் டொனால்ட் கனூத் அல்கால் 60 என்ற பழைய மொழியின் கம்பைலர்களைச் சோதிக்க ஒரு சின்ன நிரலை வெளியிட்டார். 'ஆணா, பையனா' என்று அதற்குப் பெயர். பாராமீட்டரைப் 'பெயரால் அனுப்புவதும்' (நம் லேபிள் அல்ல; மதிப்பை அனுப்பாமல் கோவையையே அனுப்பி, தேவைப்படும்போதெல்லாம் கணக்கிடுவது) தன்னைத்தானே அழைப்பதும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். கம்பைலர் ஒவ்வொரு அழைப்பின் மாறிகளையும் பிரித்து வைத்திருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். விடை -121 ஆக இருக்கும் என்று அவர் அனுமானித்திருந்தார். சரியான விடை -67. அவ்வளவு பெரிய ஆள் எழுதிய டெஸ்ட், எதிர்பார்ப்பு வேறாக இருந்தது. -67தான் சரி என்று எப்படி முடிவாயிற்று? அல்கால் 60 அறிக்கையில் அழைப்பு விதி தெளிவான வாக்கியமாக எழுதப்பட்டிருந்தது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு விடைக்கு இடமில்லை. அங்கே டெஸ்ட் மட்டும் இருந்திருந்தால் -121 வராத கம்பைலர்களையெல்லாம் பையன்கள் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஆக வாக்கியம் டெஸ்ட்டைப் பிடிக்கும், டெஸ்ட் வாக்கியத்தைப் பிடிக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறோம். பைத்தானின் டாக்டெஸ்ட் 2001 முதல் இப்படித்தான், விளக்கத்துக்குள் இருக்கும் உதாரணத்தை எடுத்து ஓட்டிப் பார்க்கும். நம் ஸ்பெக் கோப்பையும் அப்படியே ஓட்டலாம்.

ஜூன் 20, காலை

வரிசைக் கட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெயர் பொருந்த வேண்டும். நேற்று 'கொள்ளளவு:' என்ற லேபிள் ஒரு மாணவரின் கோப்பில் 'அப்படி ஒரு பாராமீட்டர் இல்லை' என்று பிழை கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடில் 'கொ' இரண்டு விதமாக இருக்கலாம்: ககரமும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடே இவற்றைச் சமம் என்கிறது, நார்மலைஸ் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றினால், ஒன்றாகிவிடும். நாம் செய்யாமல் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பைத்தான் 2008-இல் வந்த 3.0 முதல் பிறமொழிப் பெயர்களை ஏற்கிறது, நார்மலைஸும் செய்கிறது. ஆனால் இரட்டை நட்சத்திரம் போட்டு டிக்ஷனரியாக (பெயரும் மதிப்புமான ஜோடிகளாக) ஆர்க்யுமென்ட் அனுப்பினால் அதன் சாவிகள், அதாவது அந்தப் பெயர்கள், வெறும் ஸ்ட்ரிங், அவற்றை நார்மலைஸ் செய்யாது. நேரே கூப்பிட்டால் ஓடும், டிக்ஷனரி வழியே கூப்பிட்டால் ஓடாது. நம் விதி: லேபிள் எந்த வழியில் வந்தாலும் ஒப்பிடும் முன் நார்மலைஸ். மூன்று துண்டாக எழுதிய டெஸ்ட் கோப்பு சேர்த்தாயிற்று, எடிட்டர் சேமிக்கும்போது அதைத் தானாகத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'கௌ' என்பதற்குப் பதில் கொம்பும் ளகரமும் போட்டு 'கெள' என்று அடிப்பதை எந்த நார்மலைசேஷனும் சரிசெய்யாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். அங்கே பிழைச்செய்தி 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று பக்கத்துப் பெயரைக் காட்டட்டும்.

ஜூன் 21

குறுகலாக: ஃபங்ஷன் தனக்கு வந்த பாராமீட்டருக்கு வேறு மதிப்பு வைக்கலாமா? கூடாது. ராகுவில் இயல்பாகவே படிக்க மட்டும்தான், மாற்ற வேண்டுமானால் நகல் வேண்டும் என்று ஃபங்ஷனின் தலைப்பு வரியிலேயே சொல்ல வேண்டும். அடாவில் உள்ளே, வெளியே, இரண்டும் என்று மூன்று வகை எழுதி வைக்கலாம். பழைய ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் சிலவற்றில் 4 என்ற மாறிலியை அனுப்பினால், ஃபங்ஷன் அதை மாற்றி, அதன் பிறகு நிரலில் 4 என்று எழுதிய இடமெல்லாம் 5 ஆன கதையும் உண்டு. டெஸ்ட் ஒரு வரி, பிழை எதிர்பார்ப்பு.

ஜூன் 24, இரவு

ஸ்பெக் எழுதப் பழக எல்லாருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் ட்ரெய்லர்களில் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் ஓர் எண் இருக்கிறதே, அது சரியானதா என்று பார்க்கும் ஃபங்ஷன். அந்த எண்ணுக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 6346. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் கட்டிய ஒரு சோதனை இலக்கம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு, 10-இல் தொடங்கி 11-இன் மடங்குகளைத் தாண்டிப் போகும். இடத்துக்கு இடம் 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்த மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0.

சிஎஸ்க்யூயு 305438-க்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. எல்லாருக்கும் வந்தது.

பாராமீட்டரில்தான் பிரிந்தார்கள். பாதிப் பேர் வரிசை எண்ணை முழு எண்ணாக வாங்கினார்கள். 010000 கொடுத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய், பத்தாயிரம் என்ற ஐந்து இலக்கம் வரும், பெருக்கும் இடமெல்லாம் ஒரு படி நகரும். சி மொழியில் இன்னும் விபரீதம், பூஜ்யத்தில் தொடங்கினால் எட்டடிமான எண், மதிப்பு 4096. பைத்தான் 3 அதைப் பிழை என்று தடுத்துவிடும். இது எண்ணே இல்லை, இலக்கங்களின் வரிசை. பாராமீட்டர் ஸ்ட்ரிங், சரியாக ஆறு எழுத்து, ஒவ்வொன்றும் 0 முதல் 9. ஐந்து வந்தால் பிழை.

பிறகு வியாசர்பாடிப் பெண் ஒரு பண்பை டெஸ்ட்டாக எழுதினாள். 'ஏதேனும் ஓர் இலக்கம் மாறினால் ஃபங்ஷன் பொய் என்று விடை தர வேண்டும்.' தற்செயல் எண்களை உருவாக்கிப் பண்பைச் சோதிக்கும் முறை, ஹாஸ்கெல் மொழியின் குவிக்செக் 2000-இல் பரவலாக்கியது. ஓட்டியதும் தோற்றது. ஃபங்ஷனில் பிழை தேடினாள், இல்லை. கருவி காட்டிய எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பார்த்தோம்:

சிஎஸ்க்யூயு 010000: கூட்டுத்தொகை 473, மீதி 0, சோதனை இலக்கம் 0
சிஎஸ்க்யூயு 020000: கூட்டுத்தொகை 505, மீதி 10, சோதனை இலக்கம் 0

ஓர் இலக்கம் மாறியிருக்கிறது, சோதனை இலக்கம் மாறவில்லை. ஓட்டை ஃபங்ஷனில் இல்லை, 'மீதி 10 வந்தால் 0' என்ற விதியில் இருக்கிறது. மீதி 10 தரும் வரிசை எண்களைப் பெட்டிக்கு வைக்க வேண்டாம் என்று அந்தத் தரநிலை பரிந்துரைப்பது ஏன் என்று நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. பண்பை 'மீதி 10 தராத எண்களில்' என்று திருத்தினாள், தாண்டியது. ஒரு ஸ்பெக்கின் ஓட்டையை டெஸ்ட் இப்படித் தொட்டுக் காட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

ஜூன் 26

கொருக்குப்பேட்டைத் தம்பி நேற்று ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான். இந்தத் தடவை டெஸ்ட்டாகவே:

நகர்த்து(தடம்("பெ"), எங்கே: தடம்("அ"), எங்கே: தடம்("ஆ"))

ஒரே லேபிள் இரண்டு முறை. பிழைதான், அதில் சந்தேகமில்லை. அவன் கேட்பது, பிழை வரும்போது தடங்கள் பட்டியலில் என்ன இருக்க வேண்டும்? இடமிருந்து வலம் கணக்கிட்டு இரண்டாவது 'எங்கே'யில் நிற்பதா, இல்லை ஒன்றையும் கணக்கிடாமல் முதலிலேயே மறுப்பதா? பதினைந்தாம் தேதி விதி இதைச் சொல்லவில்லை.

லேபிள்கள் நிரலிலேயே கண்ணுக்குத் தெரிகின்றன, ஓட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அதனால் எந்த ஆர்க்யுமென்ட்டையும் தொடும் முன்பே பிழை. தடங்கள் காலியாக இருக்க வேண்டும். டிக்ஷனரியாக விரித்து அனுப்பும்போது மட்டும் சாவிகள் ஓடும் நேரத்தில்தான் தெரியும், அங்கே ஆர்க்யுமென்ட்டுகள் கணக்கிடப்பட்ட பிறகு, உடல் தொடங்கும் முன் பிழை. இரண்டு வாக்கியமும் அவன் டெஸ்ட்டும் கோப்பில் ஏறிவிட்டன. காசிமேட்டுப் பையனின் இன்டர்பிரெட்டர் இப்போதைக்கு முதலாவதில் தோற்கிறது.

தம்பி, சனிக்கிழமை வரும்போது டிக்ஷனரி வழிக்கும் ஒரு டெஸ்ட் எழுதிக்கொண்டு வா. 'எங்கே' என்பதில் ஏகாரத்தை ஒரு முறை ஒற்றைக் குறியாகவும் இன்னொரு முறை வேறு விதமாகவும் எழுத முடியாது, அது எப்போதும் ஒரே குறிதான். ஓகாரமோ ஒகரமோ உள்ள லேபிளாக எடுத்துக்கொள்.